57 ரீஇஷ்யூ ஸ்ட்ராட்: மேல் ஃப்ரெட்டில் பென்ட் செய்தால் ஒலி அடைக்கிறது. ஃப்ரெட்டை மாற்றிவிடலாமா?

மெட்டுக்காரன்:

வணக்கம். ரொம்ப நாள் ஆசைப்பட்ட 57 மாடல் ஸ்ட்ராட் ரீஇஷ்யூ (ஃபெண்டரின் 1957 ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டாரைப் பழையபடியே மறுபடி செய்தது) ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இரண்டு நிற சன்பர்ஸ்ட், ஒரே மேப்பிள் துண்டில் செய்த நெக், பின்பக்கம் லேசான வி வடிவம், விரல் வைக்கும் போர்டின் வளைவு 7.25 அங்குல ரேடியஸ், மெல்லிய 21 ஃப்ரெட் (போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்). இதுவரை நான் வாசித்து வந்தது 12 அங்குல ரேடியஸும் ஜம்போ ஃப்ரெட்டும் கொண்ட கிட்டார்.

கார்டு பிடிக்க இவ்வளவு சுகமான நெக்கை நான் தொட்டதே இல்லை. ஆனால் மூன்று தொல்லை. முதல் கம்பியில் 13-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே முழு டோன் பென்ட் செய்தால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால்) பாதி வழியிலேயே ஒலி அடைத்துக்கொள்கிறது. மூன்றாவது கம்பியான ஜி மட்டும் மற்ற கம்பிகளை அமுக்கிவிட்டுக் கத்துகிறது. சுவிட்சை இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் வைத்தாலும் இரைச்சல் போகவில்லை. பழைய கிட்டாரில் அந்த இடத்தில் இரைச்சலே இருக்காது.

ஃப்ரெட்போர்டை இழைத்துத் தட்டையாக்கி, பெரிய ஃப்ரெட் போட்டு, பிக்கப் மூன்றையும் மாற்றிவிடு என்கிறார் ஒரு நண்பர். வாங்கின கையோடு இதைச் செய்ய மனம் வரவில்லை. இங்கே இந்த மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

சால்டரிங்_சாமி:

வாழ்த்துகள் தம்பி. உளியை எடுக்கும் முன் அளவுகோலை எடுங்கள். 17-ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, 8-ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி எவ்வளவு? பிக்கப் கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? கம்பி என்ன செட்?

இதெல்லாம் தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் குருட்டாம்போக்குதான்.

---

மெட்டுக்காரன்:

அளந்துவிட்டேன் அண்ணா. 17-ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.2 மி.மீ., ஆறாவது கம்பி 1.5 மி.மீ. நெக் கிட்டத்தட்ட நேர்க்கோடு. 8-ஆம் ஃப்ரெட்டில் ஒரு தாள் நுழைவதே கஷ்டம். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே 1 மி.மீ. இருக்கும். கம்பி 9-42 செட் (முதல், ஆறாவது கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்).

---

21ஃப்ரெட்:

அப்படியானால் கிட்டாரில் குறை இல்லை, தட்டையான போர்டுக்கு உரிய செட்டப்பை மேடான போர்டில் வைத்திருக்கிறார்கள். மூன்று தொல்லைக்கும் காரணம் தனித்தனி. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் பென்ட். ரேடியஸ் சிறியதாக ஆக போர்டின் நடு மேடு கூடும். முதல் கம்பி ஓரச் சரிவில் கிடக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது மேட்டின் மேல் ஏறுகிறது. நீங்கள் அழுத்தியிருக்கும் ஃப்ரெட்டுக்கு அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளின் உச்சியில் உரசி அடைத்துக்கொள்கிறது. கம்பியை உயர்த்துவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது. இந்த ரேடியஸுக்கு நல்ல தொடக்க அளவு: 17-ஆம் ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.6 மி.மீ., ஆறாவது 2 மி.மீ., 8-ஆம் ஃப்ரெட்டில் 0.3 மி.மீ. ரிலீஃப் (நெக்கின் லேசான குழிவு). அதற்கும் அடைத்தால் முதல் இரண்டு கம்பியை இன்னும் துளி ஏற்றுங்கள்.

ஏற்றினால் வாசிக்கக் கடினமாகுமே என்று பயப்பட வேண்டாம். ஃப்ரெட் குட்டையாக இருப்பதால் 1.2 மி.மீ. உயரத்தில் பென்ட் செய்யும்போது உங்கள் விரல் நுனி பக்கத்துக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு ஏறியிருக்கும். கம்பி கொஞ்சம் உயர்ந்தால் விரல் அதற்கு அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும், பென்ட் லேசாகும். சொன்னால் நம்ப மாட்டார்கள், செய்து பார்த்தால் தெரியும்.

இரண்டாவது, ஜி கம்பி. பிக்கப்பில் உள்ள ஆறு காந்தங்களையும் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஜி-க்குக் கீழே உள்ளது எகிறி நிற்கும், இரண்டாவது கம்பியான பி-க்குக் கீழே உள்ளது பள்ளத்தில் கிடக்கும். 1950-களில் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி. வெளியே சுற்றியிருக்கும் கம்பி தடிமனைக் கூட்டுமே தவிர, காந்தத்துக்கு முக்கியமான உள்கம்பி மெலிதானது. அதனால் ஒலி தாழ்ந்து வரும், அதை ஈடுகட்டக் காந்தத்தைத் தூக்கி வைத்தார்கள். மெல்லிய கம்பி செட்டுகள் கடைக்கு வந்தது 1960-களில். அதற்கு முன் பென்ட் செய்ய ஆசைப்பட்டவர்கள் முதல் கம்பிக்கு பாஞ்சோ கம்பி வாங்கிப் போட்டு, மற்றதை ஒரு இடம் தள்ளிக் கட்டினார்கள். நாம் இன்று போடும் சுற்றில்லாத ஜி கம்பி, உள்ளுக்குள் முழு உருக்கு. தூக்கிய காந்தத்துக்கு மேலே அதைக் கட்டினால் கத்தத்தான் செய்யும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "காந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கிவிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த மாதிரி பிக்கப்பில் முடியளவு மெல்லிய செப்புக்கம்பியைக் காந்தத்தின் மேலேயே நேரடியாகச் சுற்றியிருக்கும். காந்தம் நகர்ந்தால் உள்சுற்று அறுந்துபோகும்; அப்புறம் பிக்கப் குப்பைதான். பிக்கப் முழுவதையும் இறக்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் ஆறாவது கம்பிப் பக்கம் 2.4, முதல் கம்பிப் பக்கம் 2 மி.மீ. இடைவெளி. ஆம்ப் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். காந்தம் தள்ளிப் போனால் கம்பியும் சுதந்திரமாக அதிரும், 1 மி.மீ. தூரத்தில் காந்தம் இழுப்பதால் தடித்த கம்பிகளில் மேல் ஃப்ரெட் சுரங்கள் சுருதி கலைந்து அலையலையாகக் கேட்டிருக்கும், கவனித்தீர்களா?

மூன்றாவது, இரைச்சல். அது அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் மூன்று பிக்கப்பையும் ஒரே திசையில் சுற்றி, ஒரே துருவத்தில் வைத்தார்கள். சுவிட்சும் மூன்று நிலைதான். நடு நிலைகளை வாசிப்பவர்களே சுவிட்சைப் பாதியில் நிறுத்திக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் கம்பெனி 5 நிலை சுவிட்ச் போட ஆரம்பித்ததே 1977-இல். நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி இரைச்சலை ரத்து செய்வது பிற்கால ஏற்பாடு. இரைச்சல் பொறுக்கவில்லை என்றால் நடு பிக்கப் ஒன்றை மட்டும் அப்படிப்பட்டதாக மாற்றினால் போதும். மூன்றையும் மாற்றச் சொன்ன நண்பர் கை கொஞ்சம் தாராளம்.

---

நேர்கோடு:

21ஃப்ரெட் சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனால் எனக்கு இந்தப் பக்தி புரியவில்லை.

ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களிடம் குறை கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டே இருந்தவர். 1950-களில் வந்த கிட்டாரை முடிந்துபோன வேலையாக அவரே நினைக்கவில்லை. கம்பெனியை 1965-இல் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்ற பிறகும் வேறு பெயர்களில் புதுப்புது பிரிட்ஜும் பிக்கப்பும் செய்துகொண்டே இருந்தார். அவர் தாண்டிப் போன இடத்தில் நாம் ஏன் நின்று கும்பிடுகிறோம்? நெக்கைக் கழற்றாமல் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருப்ப முடியாது, ஜி கம்பி கத்தும், இரைச்சல் போகாது, பென்ட் அடைக்கும். இத்தனையையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, "அது அப்படித்தான்" என்று சமாதானம் வேறு.

தம்பி, போர்டைத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். கிட்டார் உங்களுடையது.

---

21ஃப்ரெட்:

லியோவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. தட்டையான போர்டு, பெரிய ஃப்ரெட், இரைச்சல் இல்லாத பிக்கப் வேண்டும் என்றால் அப்படிப்பட்ட ஸ்ட்ராட் வேறு வரிசைகளில் கிடைக்கிறதே? மெட்டுக்காரனிடமே ஒன்று இருக்கிறது. ரீஇஷ்யூவை வாங்கி அதை மறுபடி அதே கிட்டாராக மாற்றுவதற்கு எதற்கு இரட்டைச் செலவு?

அவர் முதல் பதிவிலேயே "கார்டு பிடிக்க இவ்வளவு சுகமான நெக்கைத் தொட்டதில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தச் சுகத்தைத் தருவதும் இதே மேடுதான். பாரே கார்டு பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் இயல்பாகவே கொஞ்சம் வளைந்திருக்கும், போர்டும் அதே போக்கில் வளைந்திருக்கிறது. வி நெக்கில் கட்டைவிரல் மேலே ஏறி ஆறாவது கம்பியைப் பிடிக்கத் தோதாக நிற்கும். இழைத்துத் தட்டையாக்கினால் முதலில் போவது இந்தச் சுகம். அதோடு மேப்பிள் போர்டு என்பதால் மேலே பூசிய லாக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ரோஸ்வுட் போர்டில் அந்த வேலை மிச்சம்.

ஃபெண்டர்காரர்களே இதில் ஒரு நிலையில் நின்றதில்லை. 1982-இல் 52 டெலி (டெலிகாஸ்டர் கிட்டார்), 57 ஸ்ட்ராட், 62 ஸ்ட்ராட் என்று ரீஇஷ்யூ ஆரம்பித்தபோது 7.25. 2018-இல் வந்த அமெரிக்கன் ஒரிஜினல் வரிசையில் பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டு 9.5 ஆக்கினார்கள். 2022-இல் அமெரிக்கன் வின்டேஜ் 2 வந்தபோது மறுபடி 7.25-க்கே திரும்பிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

---

டெலிப்பிரியை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் 52 டெலி ரீஇஷ்யூ வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் "பழைய குறை" அத்தனையும் ஒரே ரகம் இல்லை என்பது என் கட்சி.

பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்க மூன்று பித்தளை சேடில், ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி. ஒரு கம்பியின் சுருதியைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி விலகும். கணக்குப்படி இது குறைதான். ஆனால் இரண்டு கம்பியின் இழுவிசை ஒரே பித்தளைத் துண்டை அழுத்திப் பிடிப்பதால் அது அசையாது, அந்த அடிக்கும் ஒலியில் எனக்கு ஒரு பிடிப்பு. நிஜமாகவே உறுத்தினால் சாய்வாகத் துளையிட்ட பித்தளை சேடில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஸ்க்ரூ ஓட்டைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை.

வயரிங் வேறு கதை. 1952 கடைசியில் இருந்து 1967 வரை டெலியில் சுவிட்ச் வேலை செய்த விதம் இன்றைய ஆளுக்கு விநோதமாக இருக்கும். ஒரு பக்கம் பிரிட்ஜ் பிக்கப், நடுவில் நெக் பிக்கப், மறுபக்கம் அதே நெக் பிக்கப் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி மந்தமாக. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்க வழியே இல்லை. மேடையில் பாஸ் கிட்டார் இல்லாதபோது அந்த மந்த ஒலியை வைத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பில் செய்தது. என் மாடலிலும் அப்படித்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு பிக்கப்பும் சேரும்படி மாற்றிவிட்டேன், பழைய கப்பாசிட்டரைக் கவரில் போட்டு கேஸுக்குள் வைத்திருக்கிறேன்.

சால்டரைச் சூடாக்கித் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற வேலையை யோசிக்காமல் செய்யலாம். மரத்தை இழைத்தால் திரும்ப வராது. அதற்கு மட்டும் ஒரு வருடம் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

---

சால்டரிங்_சாமி:

டெலிப்பிரியை சொன்னதில் பாதி ஸ்ட்ராட்டுக்கும் பொருந்தும். பழைய வயரிங்கில் ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாப் கிடையாது. கீழ் டோன் நாபில் இருந்து ஒரு சின்ன வயரை இழுத்து பிரிட்ஜுக்குக் கொடுத்துவிட்டால் காதைக் கிழிக்கிற கூர்மை அடங்கும். ஒரே ஒரு வயர். அதோடு 50-கள் பாணியில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டிருந்தால் டோனைக் குறைத்தவுடன் சேறு மாதிரி ஆகும்; 0.022 போட்டால் நாபின் முழு ஓட்டமும் பயன்படும்.

---

லெஸ்_அண்ணாச்சி:

ஃபெண்டர்காரர்களே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? கிப்சன் கம்பெனியின் 1959 பாணி லெஸ் பால் ரீஇஷ்யூ வைத்திருக்கிறேன். எங்களுக்கு 12 அங்குல ரேடியஸ், பென்ட் அடைக்கிற பிரச்சினையே இல்லை. ஆனால் வேறு வம்புகள் உண்டு.

பிரிட்ஜ் சேடில்களைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய கம்பி 1962-இல்தான் வந்தது. 59 பாணியில் அது கிடையாது. வாசிக்கும்போது கம்பி அறுந்தால் சேடில் துள்ளி விழுந்து மேடை இருட்டில் உருண்டு ஓடும். கேஸில் ஒரு கூடுதல் சேடில் எப்போதும் வைத்திருக்கிறேன். கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜே கையோடு வந்துவிடும்.

கம்பி முறுக்கும் ட்யூனர்கள் உள்ள ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், அதுவும் நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக்கட்டை) பக்கத்தில் ட்ரஸ் ராடுக்காகக் குடைந்த இடத்தில் மரம் மெலிந்திருக்கும். ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். வாசிக்காத நேரத்தில் கேஸுக்குள்ளேதான் இருக்கும் என் கிட்டார்.

இத்தனைக்கும் ஈடாக ஒரு விஷயம்: 50-கள் வயரிங். டோன் கப்பாசிட்டரை வால்யூம் நாபின் உள்வரும் காலில் சேர்க்காமல் வெளிப்போகும் காலில் சேர்ப்பார்கள். வால்யூமைக் குறைத்தால் தெளிவு போகாது. ஆம்ப்பை ஓரளவு கத்தவிட்டுவிட்டு, நாபில் 4-இல் தாளம், 10-இல் சோலோ. பெடல் பக்கமே கால் போவதில்லை.

---

மெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அளவுகளைச் சரிசெய்யப் போகிறேன். ட்ரஸ் ராட் நெக்கின் அடியில் இருக்கிறது. கழற்றாமல் திருப்ப வழி உண்டா? அப்புறம், இது நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். நெக் கைக்குக் கொஞ்சம் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

---

21ஃப்ரெட்:

கழற்றாமல் முடியாது, ஆனால் முழுதாகக் கழற்ற வேண்டியதும் இல்லை. கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். முதல் ஃப்ரெட் பக்கம் கேப்போ போட்டுவிட்டால் கம்பி ட்யூனரில் இருந்து உருவிக்கொண்டு வராது. பிரிட்ஜ் மிதக்கிற மாதிரி வைத்திருந்தால் அதற்குக் கீழே நாலாக மடித்த அட்டையைச் செருகுங்கள். பின்பக்கத் தகட்டில் உள்ள நான்கு ஸ்க்ரூவில் உடல் நடுப்பக்கம் இருக்கும் இரண்டைப் பாதிக்கு மேல் தளர்த்தி, ஹெட்ஸ்டாக் பக்கம் உள்ள இரண்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் நெக்கின் அடிப்பகுதி குழியில் இருந்து எழும்பும். பிக்கார்டு (உடலின் முன்பக்கத் தகடு) ஓரத்தில் கூட்டல் குறி வெட்டிய ட்ரஸ் ராட் நட் தெரியும். உங்கள் நெக் நேராக இருப்பதால் இடப்பக்கமாக எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும். நெக்கை இருத்தி, ஸ்க்ரூவை இறுக்கி, சுருதி கூட்டி, அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் அசையும், மறுநாளும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் நட்டின் பள்ளத்தில் முழுதாகப் பொருந்தாவிட்டால் திருப்பவே திருப்பாதீர்கள். பள்ளம் சிதைந்தால் பெரிய வேலையாகிவிடும்.

லாக்கர் ஒட்டுவது நாளாக நாளாகக் குறையும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது போதும். ரப்பர், நுரை வைத்த ஸ்டாண்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். நைட்ரோ லாக்கரும் ரப்பரில் உள்ள மிருதுவாக்கியும் சேர்ந்தால் லாக்கர் இளகித் தழும்பாகும். வினைல் ஸ்ட்ராப்பைக் கேஸுக்குள் கிட்டார்மேல் போட்டு மூடினாலும் அதே கதி. கொசு விரட்டி தடவிய கையோடு தொட்டால் இன்னும் மோசம், அதில் உள்ள டீட் லாக்கரைக் கரைத்துவிடும். கடுங்குளிரில் பயணம் செய்து வந்த கேஸை உடனே திறக்க வேண்டாம். உள்ளே உள்ள மரம் அறை வெப்பத்துக்கு மெதுவாக வரட்டும், இல்லாவிட்டால் லாக்கர் வலைவலையாக விரிசல் விடும். அந்த விரிசலுக்காகவே ஆசைப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம்.

---

நேர்கோடு:

அதைத்தான் கேட்க வந்தேன். கம்பெனியிலேயே தேய்த்துச் சுரண்டி, துரு ஏற்றி "ரெலிக்" என்று விற்கிறார்களே, அதையும் ஆதரிக்கிறீர்களா?

---

21ஃப்ரெட்:

வாங்க மாட்டேன், வாங்குபவரைக் கிண்டலும் செய்ய மாட்டேன். அதில் ஒரே நல்லது, போர்டின் ஓரங்களை உருட்டி வைத்திருப்பார்கள், உள்ளங்கைக்குச் சுகம். அதற்காக முன்பக்கத்தைச் சுரண்ட வேண்டுமா? நைட்ரோ பூசினால் மரம் "மூச்சு விடும்", ஒலி மாறும் என்பதையும் நான் நம்பவில்லை. பல ரீஇஷ்யூவில் கீழ்ப்பூச்சு பாலியெஸ்டர்தான், மேலே மட்டும்தான் நைட்ரோ. தொடுவதற்கு நன்றாக இருக்கிறது, அது போதும்.

---

மெட்டுக்காரன்:

செட்டப் முடிந்தது. ரிலீஃப் 0.3. முதல் கம்பியை 1.6-இல் வைத்துப் பார்த்தேன், 15-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் லேசாக அடைத்தது, 1.8 ஆக்கியதும் முழு டோன் பென்ட் கடைசி வரை ஒலிக்கிறது. ஒன்றரை டோன் இன்னும் அடைக்கிறது. அது இரண்டாவது கம்பியில் எளிதாக வருகிறது, அங்கே போய்விடுகிறேன்.

21ஃப்ரெட் சொன்னபடி விரல் கம்பிக்கு அடியில் போகிறது. 10-46 செட்டுக்கும் மாறிவிட்டேன். ட்யூனர் பழைய மாதிரி, கம்பத்தின் நடுவே ஓட்டை உள்ளது. கம்பியை இரண்டரை ட்யூனர் தூரம் விட்டு வெட்டி, நுனியை ஓட்டைக்குள் இறக்கி, மடக்கிச் சுற்றினால் வெளியே ஒரு நுனிகூட நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் விட்டார்களோ!

பிக்கப்பை இறக்கியதும் ஜி கம்பி பாதி அடங்கியது. மீதியையும் அடக்க, அந்தக் காலத்துப்படியே சுற்றிய ஜி கம்பி ஒன்று போட்டுப் பார்க்கலாமா? 0.018 வாங்கி வைத்திருக்கிறேன். இரைச்சலை இப்போதைக்கு விட்டுவிட்டேன். ஃப்ரெட் மாற்றும் பேச்சு, இந்த ஃப்ரெட் தேயும் வரை இல்லை.

---

நேர்கோடு:

தேயும்போது சொல்லுங்கள், வந்து மறுபடி சண்டை போடுகிறேன். அப்போதாவது போர்டைத் தொடாமல் கொஞ்சம் உயரமான ஃப்ரெட் போட்டு, 12-க்கு மேலே உள்ள ஃப்ரெட்டுகளின் நடு மேட்டை மட்டும் லேசாக அரம் போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். பாரே கார்டு சுகமும் போகாது, உங்கள் ஒன்றரை டோனும் வரும்.

---

21ஃப்ரெட்:

இதில் நேர்கோடும் நானும் ஒரே கட்சி.

சுற்றிய ஜி தாராளமாகப் போடலாம். தாளத்துக்கும் கார்டுக்கும் சமமான ஒலி வரும், ஆனால் அந்தக் கம்பியில் முழு டோன் பென்ட் மறந்துவிட வேண்டும். விரல் வலிக்குமே தவிர சுருதி ஏறாது. நட்டில் 0.017-க்கு வெட்டிய பள்ளத்தில் 0.018 பெரும்பாலும் உட்காரும். சுருதி கூட்டும்போது "டிங்" என்று துள்ளினால் பள்ளம் இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். முதலில் பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள், அதற்கும் துள்ளினால் அரத்தால் ஒரு இழுப்பு. ஜி சேடிலையும் நெக் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

---

மெட்டுக்காரன்:

எவ்வளவு நகர்த்த வேண்டும் அண்ணா?

---

21ஃப்ரெட்:

கண்ணளவு வேண்டாம். 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் தட்டி, அதே இடத்தில் அழுத்தியும் வாசியுங்கள். அழுத்திய சுரம் சுருதி காட்டும் ட்யூனரில் தாழ்ந்து இருந்தால் சேடிலை நெக் பக்கமாக விட்டுக்கொண்டே வாருங்கள், இரண்டும் ஒன்றானதும் நிறுத்திவிடுங்கள். பிக்கப் காந்தம் இழுப்பது குறைந்திருப்பதால் இந்தமுறை ஊசி ஆடாமல் நிற்கும்.